இறைக்கிற கிணறு எப்போது ஊறும்?

கோவையில் ரயிலேறிப் பாலக்காட்டில் இறங்குகிறவர், மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வந்ததை உணரவே மாட்டார். ஏற்றம் இல்லை, கொண்டை ஊசி வளைவு இல்லை. வாளையாறு வந்து போகும். மலையாளம் கேட்கத் தொடங்கும். அவ்வளவுதான். வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். தபதி ஆற்றங்கரையில் தொடங்கிக் குமரிமுனை வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளும் மலைத்தொடரில், இங்கே மட்டும் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை.

அதுதான் பாலக்காட்டுக் கணவாய். பல்லடத்துக் காற்றாலை, கோவையின் இதமான மாலை, கொடுமணலில் ரோமானியருடன் நடந்த மணி வணிகம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் பலவற்றுக்கும் இந்த இடைவெளியில் ஒரு பங்கு இருக்கிறது.

பூமியைப் பாறைக்கோளம், நீர்க்கோளம், வளிமண்டலம், உயிர்க்கோளம் என்று நான்காகப் பிரித்துப் பள்ளியில் படித்திருப்போம். அடுத்த பாடத்தில் இயற்கை வளங்கள் வரும். காற்று, நீர், காடு எல்லாம் 'புதுப்பிக்கத்தக்கவை' பக்கத்தில் இருக்கும். நிலக்கரியும் தாதுக்களும் 'புதுப்பிக்க இயலாதவை' பக்கத்தில் இருக்கும். தேர்வுக்கு இந்தப் பட்டியல் போதும். கொங்கு நாட்டில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதாது என்று தெரிந்துவிடும். இங்கே ஆயிரம் அடி ஆழத்திலிருந்து எடுக்கும் தண்ணீர், நடைமுறையில் நிலக்கரி போலத்தான் தீர்கிறது. ஒரு வளம் எந்தப் பக்கத்தில் சேரும் என்பதை இரண்டு வேகங்கள் முடிவு செய்கின்றன: அது திரும்பச் சேரும் வேகம், நாம் அதை எடுக்கும் வேகம்.

பாறை

மிக மெதுவானதிலிருந்து தொடங்குவோம். கொங்கு நாட்டின் அடித்தளம் நைஸ், சார்னோக்கைட் போன்ற கடினப் பாறைகள். இவற்றின் பெரும்பகுதி உருவாகிச் சுமார் 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பூமியின் வயதே 454 கோடி ஆண்டுதான் என்பதால், நம் தோட்டத்துப் பாறை பூமியின் வரலாற்றில் பாதிக்கு மேல் பார்த்துவிட்டது. இவை உருவானது நிலத்தின் மேலே அல்ல. பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும். மேலே இருந்ததெல்லாம் மழையிலும் வெயிலிலும் அரிபட்டுப் போன பிறகே இவை வெளிச்சத்துக்கு வந்தன.

பாலக்காட்டிலிருந்து காவிரி வரை இந்தப் பாறைகளினூடே ஒரு பட்டை ஓடுகிறது. பூமியின் மேலோட்டுத் துண்டுகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்ததில் நசுங்கிப்போன பகுதி அது. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் இங்கே பாறைகள் மீண்டும் பிசையப்பட்டன. பிறகு அந்தக் கண்டம் உடைந்தது. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் நம்மிடமிருந்து பிரிந்து போனது. கணவாய் எப்படித் திறந்தது என்பதற்கு நிலவியலாளர்கள் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்தப் பலவீனமான பட்டையைத்தான் கைகாட்டுகின்றன. உடைந்த பாறை சீக்கிரம் சிதையும். சிதைந்ததை நீர் அரித்துக்கொண்டு போகும்.

ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பின் கடைசி மிச்சம், விரிசல்களில் புகுந்து நிதானமாக ஆறும்போது பெரிய பெரிய படிகங்கள் வளரும். காங்கேயம் வட்டாரத்துக் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் அப்படி வந்தவை. படியூரின் கடல்நீல நிறப் பெரில் கல்லும் அப்படித்தான். நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1985-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வில் கல்மணிகள் செய்த பட்டறைகளின் தடயங்களும், இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. மேற்குக் கடற்கரை முசிறிக்கும் கிழக்கே கரூருக்கும் இடையே மலையேறாமல் போக ஒரே நல்ல வழி கணவாய்தான். கோவையை ஒட்டிய வெள்ளலூரில் ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்தது தற்செயல் அல்ல.

மதுக்கரையில் கதை வேறு. அங்கே இருப்பது சுண்ணாம்புக்கல். 1934-இலேயே சிமென்ட் ஆலை வந்தது அதை நம்பித்தான். சுண்ணாம்புக்கல் என்பது கால்சியமும் கார்பன் டை ஆக்சைடும் பூட்டி வைக்கப்பட்ட பாறை. அதைச் சூளையில் சுடும்போது பூட்டு திறக்கிறது. தூய சுண்ணாம்புக்கல் ஒரு டன்னைச் சுட்டால் 560 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும்; 440 கிலோ கார்பன் டை ஆக்சைடு புகைபோக்கி வழியே வெளியேறும். சூளைக்கு எரிக்கும் எரிபொருளின் புகை தனிக் கணக்கு. கோடிக்கணக்கான ஆண்டுகள் பாறைக்குள் கிடந்த கரி, சில மணி நேரத்தில் வளிமண்டலத்துக்குப் போய்ச் சேர்கிறது. உலகம் வெப்பமாவதன் சிக்கலே இந்த வேக வித்தியாசம்தான். பாறை கரியை விழுங்காமல் இல்லை. மழைநீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு பாறையைச் சிதைத்து, ஆற்றோடு போய்க் கடலில் மறுபடி சுண்ணாம்பாகப் படியத்தான் செய்கிறது. ஆனால் அது லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடக்கும் வேலை.

காற்றும் மழையும்

பாறை மெதுவென்றால் காற்று அதற்கு நேர் எதிர். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடலிலிருந்து ஈரக்காற்று மலையில் வந்து மோதுகிறது. மோதிய காற்று மேலே ஏறியாக வேண்டும். மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரிந்தால் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் பழைய அளவு நீராவியைச் சுமக்க முடியாது. மீதியை மழையாக இறக்கி வைக்கிறது. வால்பாறை மேட்டுநிலத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டுவது இதனால்தான். சின்னக்கல்லாறில் இன்னும் அதிகம். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று மறுபடி சுருங்கிச் சூடாகிறது. சூடான காற்று மழை தராது; இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் அட்டைக்கடிக் காடு. இறங்கினால் 650 முதல் 700 மில்லிமீட்டர் மழையை நம்பிப் பிழைக்கும் சமவெளி. கோவைச் சமவெளிக்கு வரும் மழையில் பெரும்பங்கு, அக்டோபருக்குப் பிறகு வங்கக் கடல் பக்கமிருந்து வடகிழக்குப் பருவமழையாக வருவது.

கணவாயில் மட்டும் காற்று ஏற வேண்டியதில்லை. எதிரெதிர் வாசல்களைத் திறந்து வைத்த வீட்டில் காற்று விசிறுவதுபோல, இரண்டு பக்க மலைகளும் நெருக்கித் தள்ளும் காற்று அந்த இடைவெளி வழியே விரைந்து வருகிறது. ஏறாததால் அதிகம் மழை தராது. ஆனால் கடலின் குளிர்ச்சியைக் கொண்டுவரும். அம்மியையும் நகர்த்தும் என்று நாம் சொல்கிற ஆடிக் காற்று, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் உண்மையிலேயே அந்த மிடுக்கோடு வீசும்.

காற்றாலைக்காரர்கள் இந்தப் பக்கம் நிலம் தேடி வந்ததற்குப் பின்னால் எளிய ஒரு கணக்கு இருக்கிறது. காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. வேகம் கால் பங்கு கூடினாலே ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆகவே மற்ற இடங்களைவிடச் சற்றே வேகமாகக் காற்று வீசும் ஓர் இடம், மின்சாரக் கணக்கில் பெரிய லாபம். இந்த வளத்தை எவ்வளவு எடுத்தாலும் அடுத்த ஆனியில் அது திரும்ப வந்து நிற்கும். புதுப்பிக்கத்தக்கது என்ற பெயருக்கு முழுத் தகுதி உள்ளது இதுதான்.

கிணறு

இனி, நடுவில் நிற்கும் சிக்கலான வளத்துக்கு வருவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆண்டுக்கு 650 மில்லிமீட்டர் மழை என்றால், ஓர் ஏக்கரில் விழுவது சுமார் 26 லட்சம் லிட்டர். கேட்க நிறைய இருக்கிறது. ஆனால் இதில் பெரும்பகுதி வெயிலிலும் செடிகொடிகளின் வழியாகவும் ஆவியாகிறது. கொஞ்சம் ஓடைக்கு ஓடுகிறது. எங்கள் பக்கத்துக் கடினப் பாறை நிலத்தில் நிலத்தடிக்குப் போய்ச் சேர்வது தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு. அதாவது ஏக்கருக்கு 2.6 லட்சம் லிட்டர்.

அதே ஏக்கரில் 70 தென்னை நிற்கிறது, சொட்டுநீரில் மரத்துக்குத் தினம் 50 லிட்டர் விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 3,500 லிட்டர். மழை நாட்களை விட்டுவிட்டு ஆண்டுக்கு 300 நாள் பாய்ச்சினால் 10.5 லட்சம் லிட்டர். தன் காலடியில் சேரும் நீரைப்போல நான்கு மடங்கு, அதுவும் சிக்கனமான சொட்டுநீரில். மீதி மூன்று பங்கு எங்கிருந்தோ வர வேண்டும்: பக்கத்துத் தோட்டத்தின் அடியிலிருந்து, வாய்க்காலிலிருந்து, அல்லது பழைய சேமிப்பிலிருந்து.

அந்தச் சேமிப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க, போர் போடும் இடத்தில் போய் நிற்க வேண்டும். இந்தியா முழுவதும் ஓடும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊர் நம் திருச்செங்கோடுதான். வண்டி ஓடத் தொடங்கியதும் முதலில் செம்மண்ணும், பிறகு மக்கிய பாறையும் வரும். 60, 80 அடி வரை பொடியக்கூடிய நிலம் என்பதால் கேசிங் பைப் இறக்குவார்கள். அதற்குக் கீழே கெட்டிப் பாறை. துளையிலிருந்து சாம்பல் நிறப் புழுதி பறக்கும். நைஸ் பாறைக்குள் நீர் தங்க இடமே இல்லை. விரிசல்களில் மட்டுமே தங்கும். புழுதி ஈரமாகிக் குழம்பாக வந்தால் ஒரு விரிசலைத் தொட்டாயிற்று. 'ஒரு இஞ்ச் தண்ணி', 'ரெண்டு இஞ்ச் தண்ணி' என்று அளந்து சொல்வார்கள். விரிசல் தட்டாவிட்டால் 1,000 அடி போனாலும் வெறும் மாவுதான். பத்தடி தள்ளிப் போட்ட போரில் தண்ணீர் கொப்பளிக்க, இதில் புழுதி மட்டும் வருவது யோகமும் அல்ல, நீரோட்டம் பார்த்தவரின் கைராசியும் அல்ல. விரிசல் அந்த வழியாக ஓடியது, இந்த வழியாக ஓடவில்லை.

மேலே இருக்கும் மக்கிய பாறை அடுக்குதான் உண்மையான நீர்த்தொட்டி. நல்ல ஐப்பசி மழை பெய்தால் அந்த ஆண்டே நிரம்பும். ஆழ்விரிசலில் உள்ள நீர், நெளிந்து நெளிந்து இறங்கிச் சேர்ந்தது. அது சேரப் பல தலைமுறை ஆகலாம். இரண்டும் ஒரே தண்ணீர்தான், ஒரே குழாயில்தான் வருகின்றன. ஆனால் ஒன்று வருமானம், மற்றது முதல்.

இறைக்கிற கிணறு ஊறும் என்பது பழமொழி. பொய்யில்லை. கவலை ஓட்டிய காலத்தில் இரும்புச் சாலும் தோல்வாலும் கட்டி, இரண்டு மாடு சரிவில் இறங்கி ஏற, ஒரு நடைக்கு ஒரு சால் தண்ணீர் வந்தது. மாடு களைத்தால் வேலை நின்றது. இரவெல்லாம் மக்கிய பாறையிலிருந்து கசிந்து, விடியும்போது கிணறு பழைய மட்டத்துக்கு வந்திருக்கும். எடுக்கும் வேகத்துக்கு மாட்டின் மூச்சே எல்லை.

1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கோவையில் பஞ்சாலைகள் பெருகியதற்கு அந்த மின்சாரம் பெரிய காரணம். 1937-இல் கோவையிலேயே மின் மோட்டார் செய்தார்கள். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அந்தக் கதையின் நாயகர்கள். பிறகு ஊரே பம்புசெட் ஊராயிற்று. மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-இல் விவசாயிகள் மாட்டுவண்டிகளோடு கோவையை முடக்கியது, கிணற்று நீர் எந்த அளவுக்கு மின்சாரத்தோடு பிணைந்துவிட்டது என்பதற்குச் சான்று. 1990 வாக்கில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. வறண்ட பூமியில் சோறு விளைவித்த மாற்றங்கள் இவை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாட்டின் மூச்சு போட்டு வைத்த எல்லை போனபின், அதன் இடத்தில் வேறு எல்லை எதையும் நாம் வைக்கவில்லை. இன்று சூரியசக்தி பம்புசெட்டும் காற்றாலை மின்சாரமும் அந்த வேலையைச் செய்கின்றன. தீராத ஆற்றலைக் கொண்டு தீரும் நீரை எடுக்கிறோம். மின்சாரம் பசுமையானது என்பதால் நீர்க்கணக்கு தானாகச் சரியாகிவிடாது.

மண்ணும் மேய்ச்சலும்

பாறை மக்கினால் மண். ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக நூற்றாண்டுகள் பிடிக்கும். தண்ணீர் நன்றாக வடியும் மேட்டில் இரும்பு துருப்பிடித்துச் செம்மண் ஆகிறது. வடியாத தாழ்வில், சுண்ணாம்புச் சத்து தங்கும் இடத்தில் கரிசல் உண்டாகிறது. கரிசலின் களிமண் தாள்தாளாக அடுக்கியது. நீர் புகுந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையை உப்பிப் பிடித்துவைத்துத் தை, மாசி வரை பருத்திக்குக் கொடுத்தது அந்தக் குணம்தான். கோவை பஞ்சாலை நகரமானதற்கு மின்சாரம் ஒரு காரணமென்றால் கரிசல் இன்னொன்று.

செம்மண்ணும் இல்லாமல் கரிசலும் இல்லாமல் சரளையும் சுக்கானுமாகக் கிடக்கும் நிலமும் நிறைய உண்டு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் அந்த நிலத்துக்கு முன்னோர் கண்ட வழி கொறங்காடு. சுற்றிலும் முள் கிளுவை உயிர்வேலி. கிளையை ஒடித்து ஊன்றினாலே தழைக்கும். ஆடும் மாடும் தாண்டாது. உள்ளே கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே வெள்வேல மரம். மழை பெய்து புல் எழும்பியதும் மாட்டை உள்ளே விடமாட்டார்கள். புல் விதை கட்டி உதிரும்வரை படலைச் சாத்தி வைப்பார்கள். அதன் பிறகு ஒரு காட்டில் மேய்ந்ததும் அடுத்த காடு என்று மாற்றுவார்கள். புல் காய்ந்த கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து தீவனமாகும். வெள்வேல் அவரை இனத்து மரம். வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குச் சேர்க்கும். சாணம் அங்கேயே விழுகிறது. ஒரு சொட்டுப் பாசனமும் இல்லாமல் காங்கேயம் மாட்டை வளர்த்தது இந்த ஏற்பாடு. அதன் சூட்சுமம் ஒரே விதி: விதை விழும்வரை படல் திறக்காது. எடுக்கும் வேகம், திரும்பச் சேரும் வேகத்தைத் தாண்டாமலிருக்க அந்தப் படலே போதுமாயிருந்தது.

உயிர்

சமவெளி மனிதனுக்கு வழியாக இருந்த கணவாய், மலை உயிர்களுக்குக் கடக்க முடியாத கடல். குளிர்ந்த சோலைக்காட்டில் வாழும் சின்னப் பறவைக்கு 40 கிலோமீட்டர் வெயில் சமவெளி பெரும் தடை. அதனால் நீலகிரிப் பக்கம் ஒரு சிலம்பன் இனமும், பழனி-ஆனைமலைப் பக்கம் அதன் பங்காளியான வேறொரு சிலம்பன் இனமும் உண்டாயின. சோலைக்காட்டுக் குட்டைச்சிறகன்களிலும் அப்படியே வடக்கே ஓர் இனம், தெற்கே ஓர் இனம். கணவாயின் இரு பக்கத்து யானைகளுக்கும் மரபணுவிலேயே வித்தியாசம் தெரிகிறது. பறவை இனங்கள் இப்படிப் பிரிந்தது பல லட்சம் ஆண்டுகளில் விளைந்தது. ஓர் இனம் அழிந்தால் திரும்பச் சேரும் வேகம் பூஜ்யம்.

காட்டு உயிரின் மதிப்பு என்ன என்று கேட்பவருக்குக் கோவையிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1912-இல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. வட இந்தியாவில் கரும்பு பூத்து விதை பிடிப்பது அரிது. கோவைத் தட்பவெப்பத்தில் அது பூக்கும். சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும், சாறு மிகுந்த தடித்த கரும்பை, ஆற்றங்கரையில் நாணல் போலத் தானாக முளைத்துக் கிடக்கும் காட்டுக் கரும்போடு கலந்தார்கள். அந்தக் காட்டுப் புல்லில் சர்க்கரை அதிகமில்லை. ஆனால் நோய்க்கும் வறட்சிக்கும் தாக்குப்பிடிக்கும். 1918-இல் வெளிவந்த 'கோ 205' அந்தக் கலப்பில் பிறந்தது. அதன் வழித்தோன்றல்கள் வட இந்தியாவின் கரும்பு வயல்களையே மாற்றின. யாரும் பயிரிடாத, யாரும் விலை வைக்காத ஒரு புல் கையிருப்பில் இருந்ததால்தான் அது முடிந்தது.

கழிவைத் தாங்கும் திறன்

எடுப்பதற்கு மட்டுமல்ல, போடுவதற்கும் இயற்கையில் ஓர் எல்லை உண்டு. வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவைக் குளங்களை நிரப்பி, திருப்பூர் வழியே போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யல் அதைக் கற்றுத் தந்தது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் ஒட்டும். உப்பு ஒட்டாது, அப்படியே கழிவுநீரில் வெளியேறும். சாக்கடை நீரின் அழுக்கை நுண்ணுயிரிகள் தின்று தீர்க்கும். உப்பைத் தின்ன எந்த உயிரும் இல்லை. வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போகும்; நொய்யலிலோ ஆண்டில் சில வாரம் மட்டுமே வெள்ளம். பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, உப்பும் சாயமும் தேங்கும் குட்டையாயிற்று. திறந்துவிட்டாலும் கீழே நிலம் கெட்டது. தேக்கினாலும் சுற்றுப்புறக் கிணறு கெட்டது.

2011 ஜனவரி 28 அன்று, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத ஏற்பாடு செய்யும்வரை சாய ஆலைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின் ஆலைகள் கழிவுநீரைச் சவ்வுகளில் வடிகட்டி, மீதியைக் காய்ச்சி, நீரையும் உப்பையும் மறுபடி பயன்படுத்தக் கற்றுக்கொண்டன. அதற்குச் செலவும் மின்சாரமும் அதிகம். அந்தச் செலவு புதிதாக முளைத்ததல்ல. அதற்கு முன் அதை ஒரத்துப்பாளையத்து விவசாயி கட்டிக்கொண்டிருந்தார்.

மேலேயிருந்து வரும் தண்ணீர்

இவ்வளவு குறைந்த மழையில் கொங்கு நாடு செழித்தது, தன்மேல் பெய்யாத மழையைக் கொண்டுவரக் கற்றதால்தான். 1283-இல் முடிந்ததாகச் சொல்லப்படும் காலிங்கராயன் வாய்க்கால், பவானி நீரை நிலத்தின் சாய்வுக்கேற்ப வளைந்து வளைந்து சுமார் 90 கிலோமீட்டர் கொண்டுபோய் நொய்யலில் சேர்க்கிறது. 1955-இல் எழுந்த பவானிசாகர், நீலகிரி மழையை 32.8 டி.எம்.சி. வரை பிடித்துவைக்கிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம், இயல்பில் மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் ஆறுகளைச் சுரங்கம் வழியே கிழக்கே திருப்பியது. கோவைக்காரர் பெருமையோடு சொல்லும் சிறுவாணித் தண்ணீர், கேரள எல்லைக்குள் இருக்கும் அணையிலிருந்து 1973 ஒப்பந்தத்தின்படி வருவது. அரை நூற்றாண்டுக்கு மேல் கோரிக்கையாக இருந்த அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கியது. பவானியின் உபரி நீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி.யை, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்கு ஏற்றுகிறது. காலிங்கராயனில் நீர் தானாக ஓடுகிறது. இதில் மோட்டார் ஏற்ற வேண்டியிருக்கிறது. இடையில் ஓடிய எழுநூறு ஆண்டுகளில் நமக்கு எளிதாகக் கிடைத்த நீரெல்லாம் முடிந்துவிட்டது என்று இதற்குப் பொருள்.

இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் ஆதாரம், மலையுச்சியில் புல்வெளியும் சோலையும் கலந்து கிடக்கும் நிலம். கொட்டும் மழையை அங்குள்ள மட்கு நிறைந்த மண்ணும், ஆழமாக மக்கிய பாறையும் உள்வாங்கி, மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் ஓடையாகக் கசிய விடுகின்றன. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986-இல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது, புலிக்கும் வரையாட்டுக்கும் மட்டும் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஈரோட்டு மஞ்சளுக்கும் கோபி நெல்லுக்கும் சேர்த்தே கிடைத்தது.

ஆகவே ஒரு வளத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எவ்வளவு இருக்கிறது' என்பதல்ல. 'எவ்வளவு வேகமாகத் திரும்ப வருகிறது' என்பது. காற்றுக்கு அந்தப் பதில் அடுத்த ஆனி. மக்கிய பாறைக் கிணற்றுக்கு அடுத்த ஐப்பசி. ஆழ்விரிசல் நீருக்குப் பேரன் காலம். மதுக்கரைச் சுண்ணாம்புக்கு மனிதக் கணக்கே இல்லை.

இதில் தோட்டக்காரர் கையில் இருக்கும் பதில் ஒன்றே ஒன்று, தம் கிணற்றின் பதில். அதற்குக் கல் கட்டிய கயிறு ஒன்று போதும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் அளக்கிறது. சொந்தக் கிணற்றுக்கு இரண்டு போதும்: மே மாதம் ஒரு முறை, தை பிறந்ததும் ஒரு முறை, மோட்டாரை ஒரு நாள் நிறுத்திவைத்துவிட்டு. இரண்டையும் தேதியோடு கிணற்றுச் சுவரிலேயே எழுதி வைக்கலாம். மழைக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் அந்த ஆண்டின் வருமானம். ஐந்தாறு ஆண்டு மே மாத அளவுகள் தொடர்ந்து இறங்கி வந்தால், முதலைத் தொட்டுவிட்டோம் என்று அர்த்தம். அப்போது ரிக் வண்டியைக் கூப்பிடுவதைவிட, தென்னையில் ஒரு பகுதியைக் குறைத்துக் குறைந்த தண்ணீர்ப் பயிருக்கு மாறுவது மலிவு. அதையே பக்கத்துத் தோட்டக்காரரும் சேர்ந்து செய்தால்தான் பலன். பாறையின் விரிசல் வரப்பைப் பார்த்து ஓடுவதில்லை.